அரிசி கழுவிய தண்ணீர்

மழையில் நனைந்த சாக்கைக் காயப்போடாமல் சுருட்டி மூலையில் தள்ளி, ஒரு மாதம் கழித்துப் பிரித்தால் என்ன வாடை அடிக்குமோ, அந்த வாடைதான் யுத்த காலத்து ரேஷன் அரிசிக்கு. பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றியதும் அது குப்பென்று மேலே வரும், கூடவே கறுப்பாக வண்டுகள் மிதக்கும். பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றுபோன அந்த வருஷங்களில், சிதம்பரத்தில் கோயிலுக்கு வடக்கே ஒரு சந்தில் இருந்த எங்கள் வீட்டில், அரிசி கழுவுவது பத்து வயதுப் பெண்ணான என் வேலை. மற்ற வீடுகளில் மூன்று தண்ணீர் கழுவுவார்கள், நான் ஏழு தண்ணீர் கழுவுவேன். பால் போல வருகிற தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிகிறவரைக்கும் எனக்கு மனசு ஆறாது. எதில் என்ன விஷம் இருக்கிறதோ என்ற பயம். கழுவிய தண்ணீரைக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஊற்றுவேன். அந்தத் தண்ணீரோடு என் தம்பியின் கண் பார்வையையும் நாளுக்கு நாள் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

தம்பி நடேசனுக்கு அப்போது நாலு வயது. அப்பா ஜட்கா ஓட்டினார். ரயிலடிக்கும் கோயிலுக்கும் நடுவே காலையிலிருந்து இருட்டும்வரை ஓடிக்கொண்டிருப்பார். அம்மா மாசமாக இருந்தாள். நடேசனுக்கு அம்மை போட்டது, ஐந்தாம் வகுப்பில் இருந்த நான் "பத்து நாளைக்கு"ப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம் என்று நிறுத்தப்பட்டேன். அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் எழுத்துப் பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அது மணல்வாரி அம்மை, மணலை வாரி இறைத்தாற்போல உடம்பெல்லாம் பொடிப்பொடியாகப் போடுவது. அம்மை போட்ட வீட்டில் என்னென்ன கூடாது என்பது அந்தக் காலத்துப் பெண்களுக்கு மனப்பாடம். வாசலில் வேப்பிலை செருக வேண்டும். அடுப்பில் எண்ணெய் காயக்கூடாது, கடுகு வெடிக்கக்கூடாது, மீன், கருவாடு வாடையே ஆகாது. "ஆத்தா எறங்கின" பிறகு மூன்று தடவை, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஆனதும் மாரியம்மனுக்குக் கூழும் துள்ளுமாவும் வைத்துப் படைத்துவிட்டால் "பத்தியம்" முடிந்தது, பிள்ளை மறுபடி எல்லாம் சாப்பிடலாம். காய்ச்சல் உச்சத்தில் இருந்த அன்று அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டிவிட்டு வேண்டிக்கொண்டாள். "ஒனக்குப் படைக்காம என் புள்ள வாயில எண்ண படாது, கீர படாது, மோரு படாது. அவன மட்டும் உட்டுட்டுப் போ தாயே."

ஆத்தா விட்டுவிட்டுத்தான் போனாள். மூன்று தண்ணீரும் ஒழுங்காக ஆயிற்று. வெள்ளிக்கிழமை படையல் என்று முடிவு செய்த அந்த வாரத்தில்தான் மங்கலம்பேட்டையில் அப்பாவின் பங்காளி ஒருவர் செத்துப்போனதாக ஆள் வந்தது. பதினாறு நாள் தீட்டு. தீட்டோடு படைக்க முடியாது. பதினாறும் கழிந்தால் துள்ளுமாவு இடிக்கப் பச்சரிசி இல்லை, ரேஷன் கடையில் புழுங்கலரிசிதான் போட்டார்கள். இரண்டு வெள்ளி அப்படிப் போயிற்று. அப்பா யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடி இரண்டு ஆழாக்குப் பச்சரிசி வாங்கிக்கொண்டு வந்த மறுநாள், நாள் தள்ளிப் பிறக்க வேண்டிய தங்கச்சி முன்னாலேயே பிறந்துவிட்டாள். மறுபடி முப்பது நாள் தீட்டு. பத்து நாளில் முடிய வேண்டிய பத்தியம் மூன்றாவது மாதத்துக்கு நீளும் என்று ஆயிற்று. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, பாருங்கள். ஆத்தாவுக்குச் சொன்ன வார்த்தையை யார் துணிந்து மாற்றுவது?

பத்தியத்துக்குக் காவல் நான்தான். "கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கிட்டுப் பாத்துக்கடி குப்பு, ஒருத்தரும் அவனுக்கு ஒண்ணும் குடுக்கக்கூடாது" என்று அம்மா சொல்லியிருந்தாள். இயற்கையாகவே பயந்த சுபாவம் எனக்கு. இந்த வேலையை என்னைவிட உருப்படியாகச் செய்ய ஆள் கிடைக்காது.

வீட்டில் அரிசி கொஞ்சம்தான், அது முழுக்க நடேசனுக்கு. காய்ச்சல் கிடந்த பிள்ளையாயிற்றே, நல்ல சோறு அவனுக்கு என்று ஒதுக்கிவைத்தோம். ஏழு தண்ணீர் கழுவி, குழைய வேகவைத்து, கஞ்சியையும் வடித்துவிட்டு, வெள்ளை வெளேரென்று உப்புப் போட்டுப் பிசைந்து ஊட்டுவேன். தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளம். மிளகுத் தண்ணீர் வேண்டுமென்றால் தாளிக்காமல் ஒரு கரண்டி. மூன்றாம் தண்ணீர் ஆன பிறகு பத்தியம் அவனுக்கு மட்டும்தான், நாங்களோ காலையில் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கேழ்வரகுக் கூழும் மோரும் குடிப்போம். மத்தியானம் முருங்கைக்கீரை பொரியல், கேழ்வரகுக் களி, கிடைத்த நாளில் நெத்திலிக் கருவாடு. ஏழைப்பட்ட சாப்பாடு என்று அம்மாவுக்கு வெட்கம். யாராவது வந்துவிட்டால் கூழ்ச்சட்டியை முறத்தால் மூடுவாள். நடேசனின் வெள்ளைச் சோற்றைப் பார்த்து எனக்கு நாக்கில் தண்ணீர் ஊறும், அவனுக்கோ என் கருத்த கூழைப் பார்த்து. கழுநீரும் வடிகஞ்சியும் குடித்த முருங்கை மரம் மட்டும் அந்த வருஷம் கிளை ஒடிகிற அளவுக்குத் தழைத்து நின்றது. அதன் நிழலில் உட்கார்ந்துதான் நடேசன் சோறு தின்றான்.

அவனுக்கு ஒன்று போனால் ஒன்று வந்தது. இருமல் நின்றால் காதில் சீழ், காது ஆறினால் தொடையில் கட்டி, கட்டி உடைந்தால் கடைவாயில் புண். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதே புழுதியில் புரண்டு, அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, மூக்கு ஒழுகிக்கொண்டே தெம்பாக ஓடின. இவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். "அம்ம போட்ட ஒடம்பு, அப்பிடித்தான் இருக்கும்" என்றார்கள். நான் தினமும் அவன் விலா எலும்பைத் தடவிப் பார்ப்பேன். இன்னும் சுத்தமாகக் கழுவ வேண்டுமோ என்று எட்டாவது தண்ணீரும் கழுவ ஆரம்பித்தேன்.

இனி, நான் செய்ததைச் சொல்கிறேன். தங்கச்சி பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, நான் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை தின்றுகொண்டிருந்தபோது நடேசன் எதிரில் வந்து உட்கார்ந்தான். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதட்டியிருப்பேன். என் கை வாய்க்குப் போவதையும் திரும்பி வருவதையும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, ஒரே ஒரு விள்ளல், எண்ணெய் பளபளக்கிற ஓரமாகப் பார்த்து, அவன் வாயில் வைத்துவிட்டேன். மெல்லாமலே விழுங்கினான். அன்று வெள்ளிக்கிழமை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் விளக்கு வைக்கிற நேரம். சிம்னி விளக்கை ஏற்றி மாடத்தில் வைத்துவிட்டு, "இந்தாடா தண்ணி" என்று லோட்டாவை நீட்டினேன். அவன் கை, லோட்டாவுக்கு ஒரு சாண் தள்ளி, காற்றைத் துழாவியது.

"எங்கக்கா?"

"இதோ இருக்கே, கண்ணு தெரியலையா?"

"வெளக்கு ஏத்துக்கா. ஏத்திட்டுக் குடு."

விளக்கு அவன் முகத்துக்கு நேராக எரிந்துகொண்டிருந்தது.

ஆத்தா கண்ணைப் பிடுங்கிக்கொண்டாள், நான் கொடுத்த விள்ளலுக்குத்தான் பிடுங்கிக்கொண்டாள் என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் வரவில்லை. யாரிடம் சொல்வேன்? நிறைமாசத்துக்காரி அம்மாவிடம் சொன்னால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும். அப்பாவிடம் சொன்னால் குதிரைச் சவுக்கு என் முதுகில் இறங்கும். பகலில் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. பொழுது சாய்ந்தால்தான் தூணில் முட்டினான், படியில் உருண்டான். ஆகவே பொழுது சாய்வதற்கு முன்னாலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன். "அக்காளும் தம்பியும் ஒட்டிப் பொறந்ததுங்களாட்டம் என்னா பாசம்!" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், நான் தலையைக் குனிந்துகொண்டு அவனை உள்ளே இழுத்துப்போவேன். செய்த தப்புக்குப் பரிகாரமாகப் பத்தியத்தை இன்னும் இறுக்கினேன். மிளகுத் தண்ணீரையும் நிறுத்தினேன். வெறும் சோறு, உப்பு, வெந்நீர்.

தங்கச்சி பிறந்த ஐந்தாம் நாள் கடலூர் முதுநகரிலிருந்து மாமா வந்தார். அப்பாவின் தங்கை புருஷன், துறைமுகத்தில் படகுகளில் சரக்கு ஏற்றுகிற வேலை. பச்சை உடம்புக்காரியால் மூன்று பிள்ளைகளைப் பார்க்க முடியாது, பெரியதுகள் இரண்டும் ஒரு மாதம் அத்தை வீட்டில் இருக்கட்டும் என்று ஏற்பாடு. புறப்படும்போது அம்மா கதவுக்கு உள்ளே நின்றபடியே என்னைக் கூப்பிட்டாள். "அது மீன் திங்கிற வூடு. உங்க அத்த வாய்க்கு யாரும் பதில் சொல்ல முடியாது. இருந்தாலும் படைக்காம இவன் வாயில ஒண்ணும் படக்கூடாது. ஒன்ன நம்பித்தான் அனுப்புறேன்." நான் தலையை ஆட்டினேன். ரயிலில் மாமா நடேசனை ஜன்னலோரம் உட்காரவைத்து, "என்ன மருமவனே, இத்தினி எலும்ப எங்க வாங்கினீங்க? ரேஷன்லயா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலூர் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிடுமே என்று சூரியனையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அத்தை வீட்டு வாசலுக்கு வந்தபோது சூரியன் இறங்கிவிட்டது. உப்பங்கழி வாடையும் மீன் குழம்பு கொதிக்கிற வாசனையும் கலந்து அடித்தன. அத்தை உரத்த குரல்காரி. வந்த கையோடு சிரித்துக்கொண்டே நடேசனுக்கு ஒரு பொரிவிளங்காய் உருண்டையை நீட்டினாள். நான், "அத்த, அவனுக்குப் பத்தியம்" என்று சொல்லி முடிப்பதற்குள், அவன் கை காற்றில் துழாவ ஆரம்பித்துவிட்டது.

அத்தை சிரிப்பதை நிறுத்தினாள். உருண்டையை இடது பக்கம் கொண்டுபோனாள். அவன் கை வலது பக்கமே தேடிக்கொண்டிருந்தது.

"ஏண்டி குப்பு, இவனுக்கு மாலக்கண்ணுடி! எத்தினி நாளா இப்பிடி?"

நான் நடேசனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"கேக்குறேன்ல?"

"பதினஞ்சு நாளா அத்த" என்றேன். அப்புறம் அழுகையோடு எல்லாம் கொட்டிவிட்டது. விள்ளல், வெள்ளிக்கிழமை, அம்மா ஆத்தாவுக்குச் சொன்ன வார்த்தை எல்லாம். அத்தை என்னை அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அடிப்பாவி மவளே, ஒரு விள்ளல் அடைக்கா ஆத்தா கண்ணப் புடுங்குவா? அவளுக்கு வேற வேல இல்ல?" என்று ஆரம்பித்தவள், பாதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு மாமாவைப் பார்த்தாள். "காலைல மஞ்சக்குப்பம் போவணும். நீங்க வேலைக்குப் போவாதீங்க." அவள் குரல் தாழ்ந்ததுதான் எனக்கு அடியைவிடப் பயமாக இருந்தது.

மஞ்சக்குப்பத்தில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு டாக்டர். நடேசனின் இமையை விரல்களால் விரித்து, வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி நெடுநேரம் பார்த்தார். வெள்ளை விழி உலர்ந்து மங்கிப்போயிருந்ததை அன்றுதான் நானும் பார்த்தேன். இடது கண்ணின் கறுப்பில் கடுகளவு மாவு ஒட்டினாற்போல ஏதோ இருந்தது. என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார். நான் சொன்னேன். கழுவுவது, வடிப்பது எல்லாவற்றையும், எவ்வளவு சுத்தமாகச் செய்தேன் என்று அவருக்குத் தெரியட்டும் என்று விவரமாகவே சொன்னேன்.

"வயிறு நெறைய சோறு போட்டே புள்ளையப் பட்டினி போட்டிருக்கீங்களேம்மா" என்றார் அத்தையிடம். "அம்மை வந்த உடம்புல இருந்ததெல்லாம் தீந்துபோச்சு. திருப்பிப் போடாம வழிச்சு வழிச்சு எடுத்தா எந்த நோயத் தடுக்கும் அது? கீரை குடுங்க, மோர் குடுங்க, முட்டை குடுங்க, எண்ணெ விட்டுக் குடுங்க. இன்னும் பத்து நாள் விட்டா கறுப்பு முழி கரைஞ்சிடும்." ஒரு பாட்டிலில் சுறாமீன் எண்ணெய் கொடுத்தார், தினம் ஒரு கரண்டி.

கரைந்துவிடும் என்ற அந்தச் சொல்லோடு வீட்டுக்கு வந்தேன். ஒரு பக்கம் கண், ஒரு பக்கம் ஆத்தா. எண்ணெய் கொடுக்காவிட்டால் கண் கரையும், கொடுத்தால் வார்த்தை தவறி உயிரே போய்விடும். அத்தை கரண்டியில் எண்ணெயை ஊற்றியபோது நான் குறுக்கே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய் புடவையில் சிந்தியது. "படைக்காம கூடாது அத்த! அம்மா சொல்லியிருக்குது! படைச்சிட்டுக் குடு!"

மாமா, "சின்னப் பொண்ணுக்கு இத்தினி கொழுப்பா" என்று எழுந்தார். அத்தை அவரைக் கையமர்த்தினாள். எண்ணெய் நாறுகிற புடவையை உதறிக்கொண்டாள். "சரி. படைக்கணும், அவ்வளவுதானே? தீட்டு உங்க வூட்டுக்கு. நான் கட்டிக் குடுத்துட்ட பொண்ணு, எனக்கேதுடி தீட்டு? எங்கண்ணன் புள்ளைக்கி நான் வெக்கிறேன்."

எத்தனை எளிதாக இருந்தது, பாருங்கள். இத்தனை நாளும் எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. அன்றைக்கு வெள்ளிகூட இல்லை, புதன்கிழமை. அடுத்த வெள்ளிவரை காத்திருக்கலாம் அத்தை என்று நான் இழுத்தேன். "ஆத்தாவுக்குக் கெழமையா தெரியும்? புள்ள பசிதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கூழைக் கரைத்து, பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய ஒரு கைப் பச்சரிசியை இடித்து வெல்லம் சேர்த்து, தெருமுனையில் வேப்பமரத்தடியில் இருந்த மாரியம்மனுக்கு உச்சி வெயிலில் கொண்டுபோய்ப் படைத்தாள். "இதா பாரு தாயே, சொன்னது சொன்னபடி வெச்சாச்சு. இனிமே ஒனக்கும் இவனுக்கும் ஒண்ணும் பாக்கி இல்ல" என்று எதிர் வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி பேசினாள். வேப்பமரத்தடியிலேயே முதல் கரண்டி எண்ணெய் உள்ளே போயிற்று. நடேசன் முகத்தைச் சுளித்தான். அவன் நெற்றியில் கை வைத்து, காய்ச்சல் அடிக்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் முருங்கைக்கீரையை நல்லெண்ணெயில் வதக்கித் தேங்காய்ப்பூ தூவி, அதோடு கேழ்வரகுக் களியும் மோரும். மறுநாள் முட்டை. அதற்கு மறுநாள் சங்கரா மீன் குழம்பு. நாங்கள் வெட்கப்பட்டு முறத்தால் மூடிவைத்த சாப்பாடுதான் பாதிக்கு மேல். நான் ஒரு வாயும் ரசித்துத் தின்னவில்லை. சாயங்காலம் ஆனால் போதும், லோட்டாவை எடுத்துக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்துவிடுவேன். முதல் நாள் கை காற்றைத் துழாவியது. இரண்டாம் நாளும் அப்படியே. அன்று அவனுக்கு இருமலும் சேர்ந்துகொள்ள, அவசரப்பட்டுவிட்டோம், ஆத்தா இந்தப் படையலை ஏற்றுக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி, அடுக்களை மூலையில் போய் வாயில் பாவாடை நுனியை அடைத்துக்கொண்டு அழுதேன். மூன்றாம் நாள் லோட்டாவில் கை பட்டது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம். நான்காம் நாள் அவனை ஏமாற்றிப் பார்ப்பதற்காக, லோட்டாவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வெறுங்கையை நீட்டினேன். "இந்தாடா தண்ணி."

நடேசன் கையை நீட்டவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தான்.

"பின்னாடி ஒளிச்சி வெச்சிக்கிட்டு இந்தாங்கிற! போக்கா!"

தண்ணீர் முழுக்க என் பாவாடையில் கொட்டியது. அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னாடி அங்க வெள்ளம்?" என்று கேட்டாள்.

இருட்டில் பார்வை திரும்பிவிட்டது. இருமலும் கட்டியும் ஒவ்வொன்றாக விட்டுப்போயின. ஆனால் இடது கண்ணில் ஒட்டியிருந்த அந்த மாவுப் புள்ளி மட்டும் போகவில்லை. வெளுத்து, பூவாக நின்றுவிட்டது. அந்தக் கண்ணில் பாதிப் பார்வைதான். நான் பதினைந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அது கணக்கு. ஊருக்குத் திரும்பியதும் அம்மா அவனைத் தூக்கி, "இது என்னாடி?" என்று கண்ணைக் காட்டிக் கேட்டாள். "அம்மத் தழும்பும்மா" என்றேன். ஆத்தா வந்துபோனதற்கு விட்டுச்சென்ற அடையாளம் என்று அம்மா அதைச் சாகும்வரை நம்பினாள், பெருமையாகவும் சொல்லிக்கொண்டாள். அத்தையும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இன்றைக்கு அந்தச் சந்தில் எங்கள் வீடு இல்லை. வண்டிகள் நிறுத்துகிற இடமாகிவிட்டது. முருங்கை மரம் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை. அத்தை இல்லை, அம்மா இல்லை. அம்மை போட்ட வீட்டு வாசல் வேப்பிலையும் கண்ணில் படுவது அபூர்வமாகிவிட்டது, அது போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. என் மருமகள் டப்பா டப்பாவாகப் பொடிகள் வாங்கி அடுக்குகிறாள். எல்லாவற்றின் மேலும் "நோய் எதிர்ப்புச் சக்தி" என்று எழுதியிருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏழு தண்ணீர் கழுவிய அந்த வெள்ளைச் சோறுதான் நினைவுக்கு வரும். இப்போது இரண்டு தண்ணீருக்கு மேல் கழுவ யாரையும் விடமாட்டேன். கீரை இல்லாத நாளில் எனக்குத் தூக்கம் வராது. பயம் அப்படியேதான் இருக்கிறது, பக்கம் மாறியிருக்கிறது.

போன வருஷம் நடேசன் வலது கண்ணில் புரை எடுத்துக்கொள்ள வந்து என்னோடு தங்கியிருந்தான். கண் டாக்டர் சின்னப் பிள்ளை. இடது கண்ணைப் பார்த்துவிட்டு, "இது எப்ப ஆச்சு தாத்தா?" என்று கேட்டது. நான் வாயைத் திறந்தேன். இத்தனை வருஷம் கழித்து இந்த இடத்திலாவது சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் நடேசன், "அம்மத் தழும்புப்பா, ஆத்தா குடுத்தது" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே என் முழங்கையை ஒரு இடி இடித்தான். அவனுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வலது கண்ணில் கட்டோடு அவன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். விளக்குப் போட்டுவிட்டு, நான் மோர் லோட்டாவை எடுத்துக்கொண்டு போனேன். என்னை அறியாமலே அவன் எதிரில் ஒரு சாண் தள்ளி நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூ விழுந்த இடது கண்ணை இடுக்கிக்கொண்டு அவன் என்னையும் லோட்டாவையும் மாறிமாறிப் பார்த்தான்.

"தெரியுதுக்கா. குடு."